கம்பத்தில் ஏறிய முகம்

மலர்ச்சாலையில் செபமாலை முடியுமுன்பே றெக்ஸ் வந்து ஜென்சியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். கட்சிக்காரனுக்குச் செத்தவீடும் ஒன்றுதான், கூட்டமும் ஒன்றுதான்.

“அக்கா, கேக்கிற நேரமில்லைத்தான். நாளையோட வேட்புமனு முடியுது. அண்ணையின்ர இடத்தில நீங்கள் நிக்கவேணும்.”

ஜென்சி பெட்டிக்குள் கிடந்த கணவனைப் பார்த்தாள். றெனோல்ட் மாகாணக் கட்சிக்குப் பொருளாளராக இருந்தே தலை நரைத்தவர். மற்றவர்களைச் சட்டசபைக்கு அனுப்பிக் களைத்து, இந்த முறைதான் தனக்கென்று ஒரு தொகுதி கேட்டு வாங்கினார். மொன்றியல் தெருக்கம்பங்களில் தேர்தல் படம் ஏறியதும், காரை எடுத்துக்கொண்டு போய்த் தன் முகத்தைத் தானே பார்த்துவிட்டு வந்தார், பாவம்.

அவருடைய அக்கா அல்போன்சம்மா மன்னாரிலிருந்து வந்ததும் அந்தக் கிழமைதான். விமான நிலையத்துக்கு ஜென்சி தனியாகப் போயிருந்தாள். வரும் வழியில் கம்பத்துக்குக் கம்பம் தம்பியின் முகம். ஊர்த் தேர்தல் படத்தில் சின்னம் இருக்கும், புள்ளடி போடச் சொல்லி விருப்பு இலக்கம் இருக்கும். வெறும் முகமும் பெயரும் கம்பத்தில் ஏறினால் அது கண்ணீர் அஞ்சலி. “எனக்குச் சொல்லாமல் மறைச்சுப்போட்டியளே!” என்று காருக்குள்ளேயே ஒப்பாரி வைத்துவிட்டார். வீட்டு வாசலில் றெனோல்ட் சிரித்துக்கொண்டு நின்றார். உயிரோடு ஒப்பாரி வாங்கிய வேட்பாளர் என்று கூட்டங்களிலும் சொல்லிச் சிரித்தார்.

கிழமை திரும்பவில்லை. காலையில் சப்பாத்து மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

அதன் பிறகு அல்போன்சம்மாவிடமிருந்து சத்தமே இல்லை. வாயில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு இருந்தார்.

“மச்சாள், அவருக்கு முந்தியே நெஞ்சில அடைப்பு. உங்களால இல்லை. அழுங்கோ,” என்று ஜென்சி எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரி வைத்தால் சாவு வரும் என்ற மூடநம்பிக்கையெல்லாம் அவளுக்குக் கிடையாது. இப்போது அவளுக்கு இருந்ததெல்லாம் ஆத்திரம். அவர் ஆசைப்பட்ட இடத்தில் வேறு யாரோ வந்து உட்காருவதா?

“ஓம். நிக்கிறன்,” என்றாள்.

றெக்ஸ் தொலைபேசியை எடுத்தான். “அந்த வெள்ளைச் சுவரோட நில்லுங்கோ அக்கா. ஒரு படம்.”

“எங்க போடப்போறியள்?” அல்போன்சம்மாவின் குரல் கரகரத்தது.

“அண்ணையின்ரயைக் கழட்டிப்போட்டு, அதே கம்பங்களிலதான், அம்மா.”

அல்போன்சம்மா ஜென்சியின் முகத்தையே பார்த்தார். கைக்குட்டை நழுவியது. நெஞ்சு ஏறியது. வாய் திறந்தது.

ஜென்சி பாய்ந்து அந்த வாயைப் பொத்தினாள். உள்ளங்கையில் மூச்சு சுட்டது.

“எடு றெக்ஸ்,” என்றாள், கையை எடுக்காமல். “கெதியா எடு.”