ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

அந்தக் காகிதம் வந்தது ஒரு வியாழக்கிழமை. வியாழன் என்றால் எங்களுக்குப் பட்டாணி சூப். கலெவி இரண்டாவது கிண்ணம் ஊற்றிக்கொண்டு, ஓரத்தில் கடுகு விழுதை வைத்துவிட்டு, உறையைக் கத்தியால் கிழித்தான். முதல் பக்கம் படித்தான், இரண்டாம் பக்கம் படித்தான். அப்புறம் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டான். பதினான்கு வருஷமாக அவனோடு வேலை பார்க்கிறேன், அவன் சூப்பை மிச்சம் வைத்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"என்னய்யா, யாராவது செத்துட்டாங்களா?" என்றேன்.

"நாலாம்," என்றான். "நாலு மில்லிகிராம்."

ஹியெத்தாலம்பி ஊரின் கழிவுநீர் நிலையம் என்றால் நானும் கலெவியும்தான். அவன் பொறுப்பாளர், நான் அவனுக்கு அடுத்து, அங்கே இருக்கிற ஒரே பெண். மூவாயிரம் பேர் குளித்து, துவைத்து, கழுவி விடுகிற அத்தனையும் எங்களிடம் வந்து, சுத்தமாகி, ஏரிக்குப் போகிறது. எவ்வளவு சுத்தமாகப் போக வேண்டும் என்பதை மாகாண அலுவலகம் பத்து வருஷத்துக்கு ஒருமுறை அனுமதிப் பத்திரத்தில் எழுதித் தரும். பழைய பத்திரத்தில் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அம்மோனியா வரை போகலாம். புது வரைவில் நான்கு. அதுவும், சோதனைக்கு மாதிரித் தண்ணீர் எடுக்கும் நாளை இனிமேல் நாங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. வாரத்தின் ஏழு நாளும் இயந்திரமே எடுத்துக்கொள்ளும். காரணம் என்று கீழே போட்டிருந்ததைக் கலெவி சத்தமாகப் படித்தான்: "நிலையமே அளித்துள்ள பன்னிரண்டு ஆண்டு முடிவுகளின்படி, அது மூன்று மில்லிகிராமை எளிதாக எட்டுகிறது."

எளிதாகவாம்! எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அது புதன்கிழமையிலிருந்து வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஊரே சவுனாவில், அதுதான் அந்த நீராவிக் குளியல் அறையில், உட்கார்ந்திருக்கும். மூவாயிரம் பேரும் வேர்த்து, ஊற்றி, சோப்புப் போட்டு, மறுபடி ஊற்றி, ஒரு நாள் பூராவும் வரவேண்டிய தண்ணீரை மூன்று மணி நேரத்தில் எங்கள் தொட்டிகளுக்கு அனுப்பிவிடுவார்கள். அம்மோனியாவைத் தின்கிற நுண்ணுயிர்கள் பாவம், வாயைத் திறப்பதற்குள் தண்ணீர் தாண்டி ஓடிவிடும். ஞாயிறு காலையில் ஏரிக்குப் போகிற தண்ணீரில் பத்து, பதினொன்று என்று நிற்கும். ஏப்ரல் மாதம் இன்னும் மோசம். பனி உருகி, ஓட்டைக் குழாய்கள் வழியாக ஐஸ் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டால் அந்த உயிர்கள் விறைத்துப் போய்ச் சும்மா கிடக்கும். ஆனால் செவ்வாய்க்குள் எப்படியும் தேறிவிடும். புதன்கிழமை எங்கள் தண்ணீரைப் பார்க்க வேண்டுமே, அவ்வளவு அழகாக இருக்கும். மாதம் ஒரு மாதிரி எடுத்து அனுப்ப வேண்டும், எந்தக் கிழமை என்று பத்திரத்தில் இல்லை. கலெவி புதன்கிழமை எடுப்பான்.

அவன் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை, அதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன். விருந்தாளி வருவதற்கு முன்னால் வாசற்படியைத் துடைத்து வைக்கிற ஜாதி அவன், அவ்வளவுதான். ஒருமுறை கேட்டேன், "ஒரே ஒரு தடவை ஞாயித்துக்கிழமை எடுத்து அனுப்பினா என்ன?" என்று.

"ஏன், பாதிரியாரக் காபிக்குக் கூப்பிட்டுட்டு அழுக்குத் துணிய நடு வீட்டுல பரப்பி வைப்பியா நீ?" என்றான்.

நானும் சிரித்துவிட்டு, அந்த மாத அறிக்கையில் என் கையெழுத்தையும் போட்டேன். பிற்பாடு எனக்கு என் மேலேயே கோபம் வந்ததெல்லாம் அதற்காகத்தான். அப்படிப் போட்ட அறிக்கைகளால் மாகாணத்தின் சிறந்த சிறு நிலையம் என்று ஒரு பாராட்டுப் பத்திரம்கூடக் கிடைத்தது. சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டி, வெள்ளிக்கிழமைதோறும் கலெவியே தூசி தட்டுவான்.

வரைவுக்குப் பதில் சொல்ல முப்பது நாள் அவகாசம். அதற்குள் சொல்லாவிட்டால் நான்கு நிலைத்துவிடும். நான்கு நிலைத்தால் ஒவ்வொரு ஞாயிறும், ஏப்ரல் முழுக்கவும் நாங்கள் தப்புப் பண்ணினவர்கள். நகராட்சியின் தொழில்நுட்பத் தலைவர் பெந்தி மறுநாளே வந்து சொல்லிவிட்டார்: "நாலுன்னா மூடிட வேண்டியதுதான். நாப்பத்தெட்டு கிலோமீட்டருக்குக் குழா போட்டு நகரத்துக்கு அனுப்பிடலாம்னு கவுன்சில்ல ஏற்கெனவே பேச்சு இருக்கு."

எனக்கு எங்கேயாவது ஒரு வேலை கிடைத்துவிடும். கலெவிக்கு ஐம்பத்தெட்டு வயது. மனைவி செத்துப்போன பிறகு அவன் மனுஷர்களோடு பேசியதைவிடத் தொட்டிகளோடு பேசியதுதான் அதிகம். "என்னடா செல்லங்களா, குளிருதா?" என்று ஜனவரியில் குனிந்து கேட்பான், நான் காதால் கேட்டிருக்கிறேன். அந்தத் தொட்டிகளை மூடினால் இவன் என்ன ஆவான்?

அதனால்தான் திங்கட்கிழமை என் நீல நோட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"என்ன இது?"

"என் ஞாயித்துக்கிழமை டியூட்டில அளந்தது. ஆறு வருஷத்துது. இதக் காட்டினா நாலு முடியாதுன்னு அவங்களுக்கே புரியும்."

அவன் நோட்டைத் திறக்கவேயில்லை. காது மட்டும் சிவந்தது.

"எனக்குத் தெரியாம அளந்தியா?"

"சொன்னா நீ விடுவியா?"

"அப்போ நான் திருடன். நீ யோக்கியம். அதானே?"

"அடப்பாவி மனுஷா, நிலையத்தக் காப்பாத்தறதுக்குத்தானே—"

"காட்டு. போய்க் காட்டு. பன்னெண்டு வருஷமா கலெவி நல்ல நாளா பாத்துப் பொறுக்கி அனுப்பினான்னு ஊரெல்லாம் சொல்லு."

அடுத்த நாளிலிருந்து அவன் காபி போடும்போது ஒரே ஒரு கோப்பைக்குப் போட்டான். பதினான்கு வருஷத்தில் இல்லாதது. என் அப்பாவும் பெரியப்பாவும் நிலத்தகராறில் ஒரு கோடை முழுக்கப் பேசாமல் இருந்தபோதுகூட காபி இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கொதித்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். காலிப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு எனக்கு அழுகைதான் வந்தது. அன்றிலிருந்து நான் வெந்நீர் குடித்தேன்.

அவகாசம் முடிய மூன்று நாள் இருக்கையில் மாகாண அலுவலகத்திலிருந்து மார்யுத் என்ற பெண் வந்தாள். இந்த வரைவை எழுதியவளே அவள்தான். முப்பத்தைந்து வயது இருக்கும், தொட்டி ஓரத்தில் நடக்கிற நடையிலேயே வேலை தெரிந்தவள் என்று தெரிந்தது. எனக்கு அவளைப் பிடித்துத் தொலைத்தது. சாப்பாட்டு அறையில், பாராட்டுப் பத்திரத்துக்குக் கீழே, நாலு பேரும் உட்கார்ந்தோம். ஏலக்காய் பன் வைத்திருந்தேன், யாரும் தொடவில்லை.

பெந்தி சிறிய ஊர்களின் கஷ்டங்களைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். மார்யுத் பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரிங்க. ஆனா உங்க எண்ணு மூணுன்னு சொல்லுது. மூணு வர்ற எடத்துல நாலு ஏன் முடியாது? அதுக்கு எனக்கு ஒரு காரணம் வேணுமில்ல?"

நான் கலெவியைப் பார்த்தேன், அவன் ஜன்னலைப் பார்த்தான். வருவது வரட்டும் என்று பையிலிருந்து நோட்டை எடுத்து வைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை முடியாது. இதுல இருக்கு. இது என்னோட சொந்தக் கணக்கு, வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல."

மார்யுத் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். நிறைய நேரம் ஆனது.

"ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறுதான் இருக்கு. ஏப்ரல்ல ரெண்டு மூணு அளவுதான். பொறுப்பாளர் கையெழுத்தும் இல்ல." அவள் குரலில் வருத்தம் இருந்தது. "இத வெச்சு நான் வரம்ப மாத்தினா, நாளைக்கு என் மேலதிகாரிங்க கேப்பாங்க, ஒரு நோட்டுக்காக ஒரு ஏரிய விட்டுக் குடுத்தியான்னு. நல்ல நாள், கெட்ட நாள், எல்லாம் விடாம இருந்தாதான் முடியும்." பிறகு கலெவி பக்கம் திரும்பினாள். "இந்த ஞாயித்துக்கிழமை விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் பெயர் தப்பித்துவிடும். நிலையம் போய்விடும், பெயர் மட்டும் சுவரில் அப்படியே இருக்கும். சொல்லட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது.

கலெவி எழுந்து வெளியே போனான். கார்க் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. "கோச்சுக்கிட்டுப் போயிட்டாரு," என்றார் பெந்தி. போகவில்லை. ஒரு வாழைப்பழ அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு திரும்பி வந்து, பன் தட்டை ஒதுக்கிவிட்டு மேசைமேல் வைத்தான்.

பெட்டி நிறைய நாள்காட்டிகள், கூட்டுறவுக் கடையில் டிசம்பரில் இலவசமாகக் கொடுக்கிறது. பத்தொன்பது வருஷத்து நாள்காட்டிகள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்திலும் பென்சிலால் சின்னதாக ஒரு எண். ஒன்பது புள்ளி நான்கு. பதினொன்று. பத்து புள்ளி எட்டு. என் டியூட்டி ஞாயிறுகளிலும் ஏதாவது சாக்குச் சொல்லி அவன் வந்து எட்டிப் பார்த்தது இதற்குத்தான். ஏப்ரல் பக்கங்களில் எல்லா நாளுக்கும் இருந்தது. அவன் மனைவியை அடக்கம் பண்ணின வாரத்து ஞாயிற்றைத் தேடிப் பார்த்தேன். அங்கேயும் எழுதியிருந்தது.

என் ஆறு வருஷ நோட்டு எனக்கே வெட்கமாகப் போயிற்று.

"ஒரு வாரமா கார்லயே கெடக்குது," என்றான் பொதுவாக. எனக்குத்தான் சொன்னான்.

"எல்லாத்தையும் அளந்தீங்க," என்றாள் மார்யுத் மெதுவாக. "சொல்லாம வைக்கறதுக்கா அளந்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை எப்படி இருந்துச்சுன்னு தெரியாம திங்கக்கிழமை தொட்டி உயிருங்களுக்கு எவ்வளவு காத்து விடறதுன்னு எப்படிம்மா தெரியும்? வேலைக்கு வேணும், அளந்தேன். உங்களுக்குக் காட்ட வெக்கமா இருந்துச்சு, காட்டல."

"நீங்க காட்டலங்கறதையும் நான் எழுதியாகணும்."

"தெரியும்."

"உங்க பேரு வரும்."

"வரட்டும். இந்த அம்மா பேரு வர வேணாம். அவ சொல்லித்தான் இருந்தா, நான்தான் கேக்கல."

"நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்!" என்று கத்தினேன். "பன்னெண்டு வருஷமும்! என் பேரையும் எழுதுங்க!" என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெந்தி அவசரமாக ஒரு பன்னை எடுத்துக் கடித்தார்.

ஆகஸ்டில் திருத்திய பத்திரம் வந்தது. நான்கு என்றிருந்த இடத்தில் எட்டு, மூன்று மாதச் சராசரிக்கு. ஏப்ரலுக்குத் தனிக் கணக்கு. ஐந்து வருஷத்துக்குள் ஓட்டைக் குழாய்களை மாற்ற வேண்டும், மாதிரி ஏழு நாளும் எடுக்க வேண்டும். நியாயமான பத்திரம், மார்யுத் நன்றாக இருக்கட்டும். கடைசிப் பக்கத்தில் அவள் சொன்னபடியே இருந்தது: முந்தைய முடிவுகள் நிலையத்தின் உண்மை நிலையைக் காட்டவில்லை, பொறுப்பாளருக்கு எழுத்துமூல எச்சரிக்கை, உடன் கையெழுத்திட்டவருக்கு அறிவுரை. நகராட்சி அவனைப் பொறுப்பிலிருந்து இறக்கியது. வேறு ஆள் இல்லாததால் அறிவுரை வாங்கின என்னையே பொறுப்பாளர் ஆக்கியது. பாராட்டுப் பத்திரத்தைக் கலெவியே கழற்றினான். அந்த ஆணியில் இந்த வருஷத்து நாள்காட்டியை மாட்டினான்.

ஊர் சும்மா இருக்குமா? கடையில் பால் எடுத்துக்கொண்டிருந்தேன், பின்னால் ஒருத்தன், "புதன்கிழமைக் கலெவி எப்படி இருக்கான்?" என்று இளித்தான்.

"உன் சனிக்கிழமை அழுக்கத்தான்டா அவன் பத்தொன்பது வருஷமா கழுவினான்," என்றேன். "நீ குளிக்காம இருந்திருந்தா அவனுக்கு இந்தக் கஷ்டமே இல்ல. இப்ப அடிக்கற நாத்தத்தப் பாத்தா, அதத்தான் செஞ்சிருக்க போல." கடைக்காரி சிரித்துவிட்டாள். அப்புறம் என் காதுபட யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

செப்டம்பர் முதல் ஞாயிறு என் டியூட்டி. காலை எட்டரைக்குக் கலெவி சைக்கிளில் வந்து இறங்கினான்.

"மீன் பிடிக்கப் போற வழில வந்தேன்," என்றான்.

"தூண்டில் எங்கய்யா?"

அவன் நேரே உள்ளே போய்க் காபிப் பொடி டப்பாவைத் திறந்தான். எத்தனை கரண்டி போடுகிறான் என்று நான் வாசலில் நின்று எண்ணினேன். இரண்டு பேருக்குப் போட்டான்.

மேசை மீட்டர் ஒன்பது புள்ளி ஆறு காட்டியது. அதிகாரப்பூர்வப் பதிவேட்டைத் திறந்து அவன் பக்கம் தள்ளினேன், பேனாவையும் வைத்தேன்.

"நான் எழுதக் கூடாது. பொறுப்பு நீதான்."

"கையெழுத்துத்தான் பொறுப்பாளர் போடணும். எண்ண யார் எழுதணும்னு பத்திரத்துல இல்ல."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போய்ப் பென்சிலை எடுத்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்பப் பைக்குள் போட்டான். பேனாவை எடுத்து, ஞாயிறு என்று எழுதி, பக்கத்தில் 9.6 என்று எழுதினான். எண் தெளிவாக விழுந்தது.

"அசிங்கமா இருக்கு," என்றான்.

"ஆமாய்யா," என்று சொல்லி, நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.