பூரிக்குப் பிடித்த தீனி

பாக்கெட்டின் வாயைக் கிழித்ததுமே ஜோதிக்குக் குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி அதைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தாள். பாக்கெட்டின் மேல் ஒரு நாய் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"இன்னாய்யா இது?"

"நாய்த் தீனி" என்றான் அவள் புருஷன் சூரியபிரகாஷ். ஷேர் ஆட்டோவை அப்போதுதான் வாசலில் நிறுத்திவிட்டு வந்திருந்தான். "டாக்டரு இன்னா சொன்னாரு? பாக்கெட்டு தீனி குடு, இல்ல ஊட்ல உப்பு காரம் வெங்காயம் போடாம ஆக்கிக் குடு. எதுவா இருந்தாலும் உள்ள போவணும், அவ்ளோதான்னாரு."

மூலையில் கிழிந்த சாக்கின் மேல் பூரி படுத்திருந்தது. உண்ணிக் காய்ச்சல் வந்து ஆளை உருக்கிவிட்டது. ஊசி போட்டுக் காய்ச்சல் இறங்கிவிட்டாலும் வாய் மட்டும் திறக்கவில்லை. குட்டியில் உப்பிக் கிடந்ததால்தான் பூரி என்று பெயர். இப்போது விலா எலும்பை எண்ணிவிடலாம். இப்படியே பட்டினி கிடந்தால் தாங்காது என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"இதுல இன்னா இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்று ஜோதி பாக்கெட்டைச் சுருட்டிப் பரணில் எறிந்தாள். "என் ஊட்டு நாய் இதத் தின்னாது."

அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? துத்திப்பட்டில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலை. சுண்ணாம்பில் ஊறிய மாட்டுத்தோலை இரண்டாகப் பிளப்பார்கள். மேல்தோல் மவராசி மாதிரி ஷூவாகவும் பையாகவும் சீமைக்குப் போகும். அடித்தோலை ஜோதியும் மற்றப் பெண்களும் துண்டு போடுவார்கள். அதைக் கழுவி, வெளுக்க வைத்து, முறுக்கி, எலும்பு மாதிரி செய்து, நாய் கடிப்பதற்கென்று கப்பலேற்றுவார்கள். கடைசியில் பார்த்தால் பால் வெள்ளையாக, கையில் எடுக்கத் தோன்றும். ஆனால் அது வந்த வழி அவளுக்குத் தெரியும். ஓரங்களில் தொங்கும் சவ்வு, வழவழப்பு, அழுகிய முட்டை நாற்றம். எலும்பே இந்த லட்சணம் என்றால் பொடி பண்ணி உருட்டிய தீனி எந்த லட்சணத்தில் இருக்கும் என்பது அவள் கணக்கு. அது சரியோ தப்போ, அவள் வயிறு அப்படித்தான் நம்பியது.

ஆகவே அவளே ஆக்கினாள். தோல் ஷாப்புக்குப் போகிறவர்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்து வந்தவர் தேய்த்துக் கழுவாமல் சோற்றுப் பானையைத் தொடக் கூடாது. ஜோதி முதலில் சோப்புத்தூள் போட்டுத் தேய்ப்பாள், அப்புறம் புளி, அப்புறம் எலுமிச்சைத் தோல். கையுறை போட்டு வேலை செய்தாலும் அந்த நாற்றம் உள்ளே புகுந்து நகக்கண்ணில் உட்கார்ந்துகொள்ளும். கட்டின பெண்டாட்டி பக்கத்தில் வந்தால் முகம் திருப்பிக்கொள்கிற புருஷன் வாய்த்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோழி ஈரலை வேகவைத்து, குழைந்த சோற்றில் மசித்து, ஆறவைத்துப் பூரியின் முன்னால் வைத்தாள். அது ஒருமுறை மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மறுநாள் முட்டை, அதற்கடுத்த நாள் தயிர்ச்சோறு. எதுவும் செல்லவில்லை.

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "எங்க ஊட்டு ஆம்பளைக்கே நான் ஈரல் ஆக்கிப் போட்டதில்ல. நாய்க்கு வந்த வாழ்வப் பாரு."

ஜோதிக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. நோயாளி நாய்க்கு மோப்பம் ஜாஸ்தியாக இருக்கும்போல, என் கை நாற்றம்தான் சோற்றில் இறங்கி அதற்குப் பிடிக்காமல் போகிறது என்று முடிவு கட்டினாள். புளியை இன்னும் கூடுதலாகக் கரைத்தாள். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து எரிந்தது. பூரி இன்னும் ஒடுங்கிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கடைக்குப் போய்த் திரும்பியபோது, சூரியபிரகாஷ் பரணிலிருந்த பாக்கெட்டைத் தரையில் வைத்துக் குந்தியிருந்தான். அவன் உள்ளங்கையிலிருந்த உருண்டைகளைப் பூரி நக்கி நக்கித் தின்றுகொண்டிருந்தது.

"பாத்தியா? உன் ஈரலுக்கு இது தேவலாமாம்."

சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஜோதிக்கோ உடம்பெல்லாம் கூசியது. அந்த வாயைப் பார்க்கவே பிடிக்கவில்லை. என்ன பிறவி இது, நல்லதைத் தள்ளிவிட்டுக் கழிசடையைத் தேடும் பிறவி என்று ஆத்திரமாக வந்தது.

நாலு உருண்டை உள்ளே போன தெம்பில் பூரி எழுந்தது. கால்கள் பின்னின. ஈரல் சோற்றுத் தட்டைத் தாண்டி, ஜோதியையும் தாண்டி, புழக்கடைக்குப் போனது. துவைகல்லின் அருகே அவள் வேலைக்குக் கட்டிப்போகும் புடவை துவைக்காமல் கிடந்தது. ஊரே மூக்கைப் பிடிக்கும் அந்தப் புடவைக்குள் மூக்கை நுழைத்து, வாலை ஒருதரம் ஆட்டிவிட்டு, அதன் மேலேயே சுருண்டு படுத்தது.

ஜோதி புளிவாசனை அடிக்கும் தன் கையை மோந்து பார்த்தாள். தினமும் வேலை விட்டு வந்ததும், கழுவுவதற்கு முன்னால் அது ஓடிவந்து நக்கியது நாற்றம் பிடித்த கையைத்தான். பூரிக்கு அந்த நாற்றம்தான் ஜோதி. நாலு நாளாய்ச் சோறு கொண்டுவந்தவள் அதற்கு யாரோ ஒருத்தி.

"பேஜார் உடு" என்றான் சூரியபிரகாஷ். "பாக்கெட்டே குடுத்துடலாம்."

"அந்தக் கருமத்த எங்கையால போட மாட்டேன்யா."

திங்கட்கிழமை வேலை விட்டு வந்தவள் சோப்பைத் தொடவில்லை. குழாயடியில் பச்சைத் தண்ணீரில் மட்டும் கையை நன்றாக அலசினாள். அலசினால் அழுக்குப் போகும், நாற்றம் போகாது. காலையிலேயே வேகவைத்திருந்த ஈரல் சோற்றைச் சூடாக்கி, அதற்குள், பிறந்ததிலிருந்து செய்யாத காரியமாய், அந்தக் கையை விட்டுப் பிசைந்தாள். வெதுவெதுப்பான சோறு பட்டதும் நாற்றம் குப்பென்று கிளம்பியது.

"ஐயே, இன்னாடி பண்ற" என்று சூரியபிரகாஷ் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு எழுந்து போய்விட்டான்.

பூரி கவளத்தை மோந்தது. பிறகு அவள் கையை மோந்தது. பிறகு வாயைத் திறந்தது. சோறு தீர்ந்ததும் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக, நகக்கண் வரை நக்கியது. புளிபட்டு உரிந்திருந்த இடங்களில் அந்த நாக்கு சொரசொரவென்று பட்டபோது அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கையைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. அவள் எடுக்கவில்லை.

"தின்னு, சனியனே" என்று குமட்டலை விழுங்கிக்கொண்டு அடுத்த கவளத்துக்குச் சட்டியில் கையை விட்டாள்.