ஹோதா பாபுவின் ஞாபகம்

குஞ்சபிகாரி பிரதான் வேலைக்குத் திரும்பிய அன்று கழுத்தில் சாமந்தி மாலையோடு ஆபீஸ் படியேறினான். மாலையை யார் போட்டார்களோ, எதிர் டீக்கடையில் அரிசி வடையைப் பிய்த்துக்கொண்டு நின்ற திரிலோசன் மெஹருக்கு அதன் மஞ்சள் மட்டும் கண்ணைக் குத்தியது. இருவரும் ஒரே நாளில், ஒரே காரணத்துக்காக சஸ்பெண்ட் ஆனவர்கள். சம்பல்பூரில் அந்த மத்திய அரசுக் கிடங்கின் சாவி இருவர் பொறுப்பிலும் இருந்தது. தணிக்கைக்கு வந்தவர்கள் எண்ணிப் பார்த்தபோது தார்ப்பாய்க் கட்டுகள் குறைந்தன. யார் எடுத்தது என்று இன்றுவரை துப்பு இல்லை. தாங்கள் எடுக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும், கேட்கத்தான் ஆளில்லை. டிசம்பர் குளிரில் ஒன்றாகப் படியிறங்கியவர்களில் ஒருவன் மட்டும் இப்போது, மார்ச் வெயிலில், மேலே ஏறிப் போகிறான். திரிலோசன் மிச்ச வடையை நாய்க்குப் போட்டான்.

ஒரு ஊழியனை இடைநீக்கம் செய்தால் அப்படியே காலத்துக்கும் தொங்கவிட முடியாது. தொண்ணூறு நாளுக்குள் கமிட்டி கூடி, பார்த்து, நீட்டிப்பதானால் அதற்குள் உத்தரவு போட்டுவிட வேண்டும். கெடு தாண்டினால் இடைநீக்கம் தானாகவே செத்துவிடும். கமிட்டிக்கு ஃபைலை எடுத்து வைக்க வேண்டியவர் ஹோதா பாபு. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த அந்த மனிதர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அதையே மேஜையெல்லாம் தேடுகிறவர். எதிரே ஆள் வந்து நின்றால்தான் அவருக்கு வேலை ஞாபகம் வரும். இருவர் கேஸுக்கும் ஆளுக்கொரு ஃபைல் வேறு.

சஸ்பெண்ட் ஆனவன் அரைச் சம்பளம் வாங்க, வேறெங்கும் வேலை பார்க்கவில்லை என்று மாதாமாதம் எழுதிக் கொடுக்க வேண்டும். குஞ்சா அதை மனைவியிடம் கொடுத்தனுப்பிவிட்டு மகாநதியில் தூண்டிலைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். திரிலோசனோ தானே போனான். போனவன் சும்மா வரவில்லை. ஹோதா பாபுவின் மேஜை முன்னால் கைகட்டி நின்றான், வீட்டுக் கொல்லையில் காய்த்த பூசணியைக் கொண்டுபோய் வைத்தான். "பாபு, என் கேஸக் கொஞ்சம் பாருங்க, கெடு நெருங்குது" என்று உருகினான். கமிட்டி கூடினாலே தனக்கு விடுதலைதான் என்று நம்பியிருந்தான். ஹோதா பாபுவுக்கு மனம் இளகிவிட்டது. கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே அவன் ஃபைலை எடுத்து வைத்தார். கமிட்டி டீ குடித்து முடிப்பதற்குள் ஆறு மாதம் நீட்டித்துவிட்டு எழுந்துபோனது. குஞ்சாவுக்காக யாரும் மேஜை முன்னால் நிற்கவில்லை. அவன் ஃபைல் அடுக்கின் அடியில் கிடந்து உறங்க, கெடு ஓசையில்லாமல் தாண்டிப்போனது.

"நான் ஒண்ணுமே பண்ணலடா திரிலோசன், மீன்தான் பிடிச்சேன்" என்று டீக்கடைக்கு வந்து குஞ்சா சிரித்தான். அது உண்மை என்பதுதான் திரிலோசனால் தாங்க முடியாததாக இருந்தது. லஞ்சம் கொடுத்திருந்தால், யார் காலிலாவது விழுந்திருந்தால் ஆறுதலாக வைதுவிட்டுப் போயிருக்கலாம்.

வீட்டில் மனைவி கேதகி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். "நீங்க நடையா நடந்து சஸ்பென்ஷன வாங்கிட்டு வந்தீங்க. அந்த மனுசன் படுத்துத் தூங்கி வேலைய வாங்கிட்டாரு." அன்று சாயங்காலம் குஞ்சாவின் மனைவி புதுப் புடவையில் சமலேஸ்வரி கோயிலுக்குப் போவதைத் திரிலோசன் பார்த்தான். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன் கண்ணுக்குப் புடவையின் தரம் தப்புமா? நல்ல பட்டு. நெய்த கரையில் ஒரு பிசிறு இருக்காதா என்று கோயில் வாசல் வரை பின்னாலேயே போனான். இல்லை.

மறுநாள் அவன் செய்தது அவனுக்கே பிடிக்காத காரியம். அதிகாரி அறைக்குப் போய், "ஒரே தப்புக்கு ரெண்டு பேர் சார். அவன் மட்டும் எப்பிடி உள்ள இருக்கலாம்?" என்று கேட்டுவிட்டான். அதிகாரி பேனாவை மூடினார்.

"அவனோடது செத்துப்போச்சு, மெஹர். செத்தத எழுப்ப எனக்கு அதிகாரம் இல்ல. சரி, உங்களுக்கு என்னதான் வேணும்? நீங்க உள்ள வரணுமா, இல்ல அவன் வெளிய போகணுமா?"

திரிலோசன் கும்பிட்டுவிட்டுத் திரும்பினான். அறையை விட்டு வெளியே வந்தபோது கதவோரம் குஞ்சா ஃபைல்களோடு நின்றிருந்தான். உள்ளே பேசியது காதில் விழுந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் எப்போதும்போலத்தான் சிரித்தான். சைக்கிளை எடுக்கும்போது அதிகாரியின் கேள்விக்குப் பதில் தெரிந்தது, தெரிந்ததும் காது சுட்டது.

அதன் பிறகு திரிலோசனுக்குப் புத்தி வந்தது. அடுத்த கெடு செப்டம்பர் தொடக்கத்தில். அதுவரை ஹோதா பாபுவின் கண்ணில் படவே கூடாது. மாதச் சான்றைத் தபாலில் அனுப்பினான். அவர் காய்கறி வாங்கும் நாளில் சந்தைப் பக்கம் தலைகாட்டவில்லை. ஒருமுறை கோல்பஜாரில் எதிரே வந்தவரைப் பார்த்து முட்டைக்கோஸ் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். தூண்டில் வாங்கி ஆற்றங்கரையிலும் போய் உட்கார்ந்தான். மீன் சிக்கவில்லை. குஞ்சாவுக்கு மட்டும் எப்படிச் சிக்கியது என்ற நினைப்புத்தான் சிக்கியது.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கையில் நுவாகாய் பண்டிகை வந்தது. புது அரிசியை அம்மனுக்குப் படைத்துச் சாப்பிட்டுவிட்டு, சிறியவர்கள் பெரியவர்களின் வீடுகளுக்குப் போய்க் காலைத் தொட்டு ஜுஹார் என்று வணக்கம் சொல்ல வேண்டிய நாள். வருடத்துச் சண்டையெல்லாம் அந்த ஜுஹாரோடு தீர்ந்துவிட வேண்டும். ஹோதா பாபு வீட்டுக்குத் திரிலோசன் ஒரு வருடம்கூடப் போகாமல் இருந்ததில்லை. இந்த வருடம் காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்தான்.

உச்சிப் பொழுதில் வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

"ஏய் திரிலோசன்! காய்ச்சலாமே. நீ வரலன்னா என்ன, பாபுவையே கூட்டிட்டு வந்துட்டேன்." குஞ்சாவின் குரல். "இன்னிக்கு மனசுல எதையும் வெச்சுக்கக் கூடாது பாரு."

பின்னால் புது வேட்டியில் ஹோதா பாபு இறங்கிக்கொண்டிருந்தார். போர்வையை உதறிவிட்டு எழுந்த திரிலோசன், குனிந்து காலைத் தொட்டவன், நிமிராமலேயே கொஞ்ச நேரம் இருந்தான். முகத்தைக் காட்டாமல் ஜுஹாரை முடித்துவிட முடியாதா என்று பார்த்தான்.

"நல்லா இருப்பா. எவ்ளோ நாளாச்சு உன்னப் பாத்து, எங்க போயிட்ட?" ஹோதா பாபு கட்டிலிலேயே உட்கார்ந்தார். கேதகி தட்டு நிறைய அரிசா பலகாரம் கொண்டுவந்து வைத்தாள். அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றபடியே திரிலோசனைப் பார்த்தார். மெல்வது மெதுவானது.

"உன்னப் பாத்ததும் ஏதோ ஒரு வேல பாக்கி கெடக்குன்னு தோணுதேப்பா. என்னது அது?"

"ஒண்ணுமில்ல பாபு. இன்னொண்ணு சாப்பிடுங்க" என்று கேதகி தட்டை அவர் மடிமேலேயே தள்ளினாள்.

"இல்லம்மா, ஏதோ ஒண்ணு. அவசரமானது." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எண்ணெய் விரலால் புருவத்தை அழுத்தினார். "குஞ்சா, நீதான் எப்பவும் எதிர் சீட்ல இருக்கியே. உனக்கு ஞாபகம் இருக்கா?"

திரிலோசன் குஞ்சாவைப் பார்த்தான். அந்தச் சிரிப்பில் எங்காவது அன்றைய கதவோரம் தெரிகிறதா என்று தேடினான். குஞ்சாவின் வாய் நிறைய அரிசா. அவன் ஒரு விரலைத் தூக்கி, இருங்கள் என்று சைகை காட்டினான். பிறகு திரிலோசனிடமிருந்து கண்ணை எடுக்காமல், நிதானமாக மென்றான்.