பாதிரியார் காதோடு நிற்காத பாவம்

யாசனாவின் புருஷன் குவாரா, தான் படுக்கும் தூளியைத் தூணிலிருந்து அவிழ்த்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய் இருபது நாளாயிற்று. காரணம் ஒரு காட்டுப்பன்றி. ஒரே அம்பில் வீழ்த்தியதாக அவன் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டான். கள் புளிக்கவைக்க மரவள்ளிக் கிழங்கை மென்று பானையில் துப்பிக்கொண்டிருந்த பெண்களிடம் இவளோ, "அது குழியில விழுந்து முன்னாடியே செத்துக் கிடந்துச்சு" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

அவன் திரும்பி வர வேண்டும். அதற்காகத்தான் காஸ்பார் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்க வந்தாள். அவருக்கு எங்கள் பேச்சு அரைகுறை என்பதால் நடுவில் மொழிபெயர்க்க நான்.

"கடவுள் மன்னிச்சிட்டார். நான் இதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், போம்மா."

யாசனா நகரவில்லை. "அக்கா, இவர் சொல்லலைன்னா என் புருஷனுக்கு எப்படித் தெரியும்? கடவுளா வந்து தூளியைக் கட்டப்போறாரு?"

நான் சொன்னதைக் கேட்டுப் பாதிரியார் தாடியைத் தடவினார்.

அந்தக் காலத்தில், ஊர் ஊராகச் சுற்றும் எங்கள் பழைய பூசாரி எங்கள் ஊருக்கு வரும் முன், பெண்கள் இருவர் இருவராக வீடு வீடாகப் போய், புருஷனுக்குச் செய்த குற்றத்தை உரக்கச் சொல்லி மன்னிப்புக் கேட்பது வழக்கம். அதைப் பாதிரியாரிடம் சொன்னேன்.

"வீடு வீடா போகக் கூடாது" என்றார் பாதிரியார்.

"சரி சாமி. வீடுகளைக் கோயிலுக்குக் கூட்டிட்டு வரோம்" என்றாள் யாசனா.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பிவிட்டது. யாசனா என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "என் புருஷனைப் பார்த்து ஊர் சிரிக்க வெச்சது நான்தான். தப்பு என்னோடது."

பின்வரிசையில் குவாரா தொண்டையைச் செருமினான். "அவ சொன்னது நெசம். பன்னி செத்துத்தான் கிடந்துச்சு. நாத்தம் வேற."

கோயில் அதிரச் சிரிப்பு. அப்புறம் தங்கள் தப்பைச் சொல்ல ஜோடி ஜோடியாக எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பாதிரியார் மணியை ஆட்டினார், யார் கேட்டது? கடைசியில், இன்னும் சொல்லாமல் மிச்சமிருந்த அவர்மேல் எல்லாக் கண்களும்.

"சாமிக்கு ஜோடி யாரு?" என்றாள் யாசனா. என்னைத் தள்ளிவிட்டார்கள்.

அவர் என் பக்கத்தில் வந்து நின்று, தலை நிமிராமல் அவர் மொழியில் முணுமுணுத்தார். அதை ஊருக்கு உரக்கச் சொல்ல வேண்டியவள் நான்தான்.

"நான் சாமிக்குத் தினமும் கொண்டுபோற கஞ்சியை, நல்லாயிருக்குன்னு சொல்லிட்டு நாய்க்கு ஊத்தினாராம்."

அன்று மதியம் குவாரா தூளியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, பழைய தூணிலேயே கட்டினான்.

"நாத்தமா? என்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றாள் யாசனா.

"சொன்னா, கிழங்கு மெல்லுற இடத்துல அதையும் சொல்லியிருப்பியே."