துரை போன தெரு

"விடுங்கப்பா, அது இறங்குறாப்புல இல்ல" என்று அமரர் ஊர்தி டிரைவரே சலித்துக்கொண்டார். சூர்யபிரகாஷும் அவன் கூட்டாளிகளும் கழுத்து வாரைப் பிடித்து இழுத்து இழுத்து, சட்டை நனைந்து நின்றார்கள். உள்ளே கண்ணுச்சாமி வாத்தியார் படுத்திருந்த கண்ணாடிப் பெட்டியை ஒட்டி, அதே நீளத்துக்குத் தானும் நீட்டிப் படுத்திருந்தது துரை. குரைக்கவில்லை, உறுமவில்லை. இம்மியும் நகரவில்லை, அவ்வளவுதான்.

"அது பாட்டுக்கு வரட்டும்ணே" என்றாள் அவன் தங்கை பாண்டிமீனா.

"ஊருக்கா? பெரியப்பா வைவாரு மீனா."

"அப்ப நீயே இறக்கு."

அவன் அவளை முறைத்துவிட்டு முன்சீட்டில் போய் ஏறிக்கொண்டான். கே.கே. நகர் வீட்டு வாசலில் கூடியிருந்தவர்கள் கலைந்தார்கள். பாண்டிமீனா பின்னால் ஏறி அப்பாவுக்கும் நாய்க்கும் நடுவில் கிடைத்த இடத்தில் காலை மடக்கி உட்கார்ந்தாள். நேற்றுக் காலை பல் துலக்கிக்கொண்டிருந்த மனுஷன், வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். வாய் நுரையைத் துடைக்கக்கூட நேரம் தரவில்லை.

துரையை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். யாரோ பணக்காரர் ஆசைக்கு வாங்கி, தீனி போட்டுக் கட்டுப்படியாகாமல் ரிங் ரோட்டில் இறக்கிவிட்டுப் போன கிரேட் டேன். கன்றுக்குட்டி உயரம், எண்ணிவிடுகிற மாதிரி விலா எலும்பு. காப்பகத்துப் பெண் தீப்தி அதை ஆட்டோவிலிருந்து இறக்கியபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "கடுவனா, பொட்டையா?"

"ஆண் நாய்தான் அங்கிள். ஏன், உங்களுக்கு வேணாமா?"

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பாண்டிமீனாவுக்குக் கோபமான கோபம். தீப்தி போன பிறகுதான் வாயைத் திறந்தார். "எங்க ஊருல நம்மாளுக கடுவன் வளக்கக் கூடாதுத்தா. பொட்ட நாய் மட்டுந்தான். நம்ம தெரு கடுவன், ஊர்த்தெரு பொட்டையோட சேந்துருமாம். சின்னதுல நான் ஒரு கடுவன் குட்டிய நெல்லு கொட்டுற குலுக்கைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். எங்கய்யாவே தூக்கிட்டுப் போயி கண்மாயில போட்டுட்டு வந்தாரு. ஊருக்குப் பயந்துக்கிட்டு."

இதையெல்லாம் அவர் அதுவரை பிள்ளைகளிடம் சொன்னதில்லை. நாய்க்குத் துரை என்று பெயர் வைத்தவரும் அவர்தான். வாங்க துரை, சாப்பிடுங்க துரை என்று மரியாதை வேறு. சாயங்காலமானால் சலவை வேட்டி கட்டிக்கொண்டு அதைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வாத்தியாருக்கு இந்த வயசில் என்ன குஷி பாரு என்று தெருவே சிரித்தது.

அலங்காநல்லூரையும் தாண்டி வயல்களுக்குள் வெகுதூரம் போய் வண்டி காலனி மந்தையில் நின்றது. துரை தானாகவே இறங்கி உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையில் கயிற்றோடு அப்படியே எழுந்து நின்றார்கள். "ஆத்தாடி" என்றாள் முத்துத்தாய் சின்னம்மா, ஒப்பாரியைப் பாதியில் விட்டுவிட்டு.

அப்பாவின் அண்ணன் மொக்கைச்சாமி நாயைச் சுற்றி வந்து, குனிந்து பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார். அவர் முகம் செத்துப்போனது.

"வேனுக்குள்ளயே கட்டிப்போடு மீனா. கொட்டுக்காரங்க வந்தாச்சு. தெருவழியாத்தான் போகணும்."

"அப்பாகூடத்தான் வரும் பெரியப்பா."

"ஏத்தா, ஒனக்குப் புரியுதா இல்லையா? நம்ம பாடை ஊர்த்தெருவுல போறதுக்கே தாசில்தாரு வந்து பேச வேண்டியிருந்துச்சு. அன்னைக்கு நாயப் பத்தி யாரும் பேசல. நீங்க சாயங்காலம் மருதைக்குப் போயிருவீக. நாளைக்கு விடிஞ்சா அவுக காட்டுக்கு வேலைக்குப் போறவக நாங்கதான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அப்பாவை இந்த நாயோடு அனுப்ப வேண்டும் என்று மனசு கிடந்து துடித்தது. ஆனால் அந்தத் துடிப்புக்கு இங்கே இருக்கிறவர்கள் விலை கொடுக்க வேண்டுமா? அவள் வாரை அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே கட்டிருங்க பெரியப்பா."

மொக்கைச்சாமி வாங்கிக்கொண்டார். துரை அவரை முகர்ந்தது, வேட்டியை, கையை, மறுபடி கையை. தம்பி வாடை அண்ணனிடமும் இருந்ததோ என்னவோ. பிறகு மெல்லத் திரும்பி, தன் முழுப் பாரத்தையும் அவர் தொடையில் சாய்த்து நின்றது. தடுமாறியவர் பிடிக்கு அதன் தலையில் கை வைத்தார். குனியவே வேண்டியிருக்கவில்லை.

"கடிக்குமா?"

"கடிக்காது."

"இதக் கூட்டிக்கிட்டா தம்பி தெருவுல நடந்தான்?"

"தெனமும்."

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"வழி விட்டு நிப்பாங்க பெரியப்பா."

அவர் கையை எடுக்கவில்லை. பாடையைத் தூக்கினார்கள். சூர்யபிரகாஷ் கொள்ளிச்சட்டியோடு திரும்பிப் பார்த்தான். மொக்கைச்சாமி வேன் இருந்த பக்கம் போகவில்லை. வாரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு கொட்டுக்காரர்களுக்கும் முன்னால் போய் நின்று, நடக்க ஆரம்பித்தார்.

ஊர்த்தெருவில் அவர்கள் நுழைந்தபோது டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஒரு சிறுமி, "எம்மா, குதிர" என்று கத்த, அவள் அம்மா வாயைப் பொத்தினாளே தவிர, அவளும் கண்ணை எடுக்கவில்லை. மாடியில் துணி காயப்போட்டவர்கள் கைப்பிடிச் சுவருக்கு வந்தார்கள். துரை யாரையும் பார்க்கவில்லை. காதுகளை உயர்த்தி, கொட்டுச் சத்தத்துக்கு மிரளாமல், தெருவின் அகலம் முழுக்கத் தனக்குத்தான் என்று நடந்தது. பாண்டிமீனாவுக்கு அழ வேண்டிய நேரத்தில், அப்பா நீ இதைப் பார்க்கவில்லையே என்று பெருமை நெஞ்சை முட்டியது.

கல்வீட்டு வாசலிலிருந்து பேயாண்டி இறங்கி வந்தார். அவர் காட்டில்தான் காலனியில் பாதிப் பேருக்கு வேலை.

"என்னப்பா மொக்கைச்சாமி, கடுவனா இது?"

மொக்கைச்சாமியின் முதுகு விறைப்பதைப் பாண்டிமீனா பார்த்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் துரை நின்றது. கல்வீட்டுக்கு எதிரே இருந்த விளக்குக் கம்பத்தை ஒருமுறை மோந்து பார்த்தது. பிறகு பின்னங்காலை நன்றாக, உயரமாகத் தூக்கியது.

பெரிய நாய். லேசில் முடிகிற காரியமாக இல்லை.

கொட்டுக்காரர்கள் கையை நிறுத்தினார்கள். பாடை தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். மொக்கைச்சாமி வாரை இன்னும் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்துவிட்டு, அது முடிக்கட்டும் என்று நடுத்தெருவில் நின்றார்.