மூன்று வாக்கியம்

அவர் சொன்னது மூன்று வாக்கியம். நான் சொன்னது ஒன்று.

இதையே நினைத்தபடி கிரிஜா, இறந்து கிடந்த தன் கணவர் தங்கராஜின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு நிற்கவில்லை.

ஐந்து வாரம் முன்பு, ஒரு வியாழக்கிழமை, மனநல ஆலோசகரின் அறையில் அவர் தரையைப் பார்த்தபடி பேசினார்.

"மூணு மாடி ஏறினா நெஞ்சை அடைக்குது. எடது கை மரத்துப்போவுது. அந்த லிப்ட் மோட்டாரை எங்கிட்டக் குடுக்கச் சொல்லு, நான் சுத்திக் குடுக்கறேன்."

எதிரே இருந்த ஆலோசகர் வைஷாலி கிரிஜாவைப் பார்த்தாள். கிரிஜா இந்தியில் சொன்னாள்: அவருக்கு வெளியே போகவே பிடிக்கவில்லை.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. அவளுக்கு பேங்கில் மாற்றல் வந்தபோது அவர் சொந்த ஊரான கோபியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ரீவைண்டிங் கடையை மூடிவிட்டு, மராத்தி பேசும் இந்தச் சாங்விக்குக் கூடவே வந்தார். இரண்டு வருடமாகப் பேச ஆளில்லை, பாஷையும் இல்லை. என்ன செய்கிறது என்று கேட்டால் வயிறு என்பார், முதுகு என்பார். போன வருடம் டாக்டர்கள் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். இன்னும் உடம்பைப் பற்றியே பேசி அந்த ஒரு மணி நேரம் வீணாகிவிடக் கூடாது என்று அவள் வடிகட்டினாள். ஆலோசகரிடம் போய் ஓடாத லிப்டைப் பற்றிச் சொல்ல அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது.

வீட்டு மனிதர்கள் மொழிபெயர்க்காமல் இருப்பது நல்லது, போனில் தமிழ் தெரிந்த ஒருவரை ஏற்பாடு செய்கிறேன் என்று வைஷாலி முதல் நாளே சொல்லியிருந்தாள். நான் இருக்கேனே என்றுவிட்டாள் கிரிஜா.

வெளியே போகப் பிடிக்காதவருக்கு வைஷாலி சொன்ன யோசனை, தினம் ஒரு தடவையாவது கீழே போய் வர வேண்டும் என்பது. கிரிஜா அதைத் தவறாமல் செய்ய வைத்தாள். நேற்றுக் காலை பால் வாங்கப் போனவர் திரும்பி ஏறும்போது படியிலேயே விழுந்தார். மாரடைப்பு என்றார்கள்.

"அம்மிணி." கோயம்புத்தூரிலிருந்து விடிகாலை வந்திருந்த அருணாச்சலம், தங்கராஜின் அண்ணன், குனிந்து மெதுவாகப் பேசினார். "ஆம்புலன்ஸ் வந்துருச்சு. அம்மா போன்ல கேக்கும். தூக்கத்துலயே போயிட்டான்னு சொல்லி வெச்சிருக்கேன். நீயும் அதையே சொல்லிப்போடு."

அவள் முடிச்சை இறுக்கினாள்.

"இந்த மனசு வைத்தியத்துக்குப் போனதெல்லாம் ஊருக்குத் தெரிய வேண்டாம். கேக்குதா?"

"கேக்குதுங்க மாமா."

செருப்பைக் கழற்றிவிட்டு வைஷாலி உள்ளே வந்தாள். கிரிஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த இந்தியில் கேட்டாள். நெஞ்சைப் பற்றி அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லையா? ராத்திரி முழுக்கக் குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எதுவுமே இல்லையே.

முடிச்சு மறுபடி அவிழ்ந்தது.

"என்ன கேக்கறாங்க?" என்றார் அருணாச்சலம்.

"எப்படி இருக்கேன்னு கேக்கறாங்க."

சொன்ன பிறகுதான், மறுபடியும் மாற்றிச் சொன்னது அவள் காதில் விழுந்தது.

பக்கத்து வீட்டு ஆண்கள் நான்கு பேர் தூக்கினார்கள். லிப்ட் கதவில், மூன்று மாதமாக, பழுது என்று மராத்தியில் எழுதிய தாள் தொங்கிக்கொண்டிருந்தது.

"மோட்டார் கட்டறவன் குடியிருந்த வீட்டுல ஓடாத லிப்ட்டு" என்றார் அருணாச்சலம். "கோபியில சொன்னா சிரிப்பானுங்க."

இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் வளைய மறுத்தது. தூக்கியவர்கள் மூச்சு வாங்க நின்றார்கள். அவர் விழுந்தது அங்கேதான். கழுவிவிட்டிருந்தும் படியின் ஓரத்தில் பால் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அதை மொய்த்து எறும்புகள்.

அருணாச்சலத்தின் போன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு அவளிடம் நீட்டினார்.

"கிரிஜா..." மாமியாரின் குரல் உடைந்திருந்தது. "எம்பட பையன் தூக்கத்துலயேதான் போனானா கண்ணு? உடம்புக்கு முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லலையா அவன்?"

அருணாச்சலம் இல்லை என்று தலையாட்டிக் காட்டினார். கிட்டே வந்தார். "சொல்லலைன்னு சொல்லு."

மேல்படியில் வைஷாலி நின்றிருந்தாள். போகாமல் கொஞ்சம் இருங்கள் என்று கிரிஜா அவளிடம் இந்தியில் சொன்னாள்.

"அம்மிணி. போனைக் குடு இங்க."

"இல்லீங்க மாமா."

எறும்புகளை மிதிக்காமல் காலை ஒதுக்கி வைத்து, அவள் அந்தப் படியில் உட்கார்ந்தாள். போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சொன்னாருங்க அத்தை."