மரத்துக்குப் பின்னால் ஒரு மணல் மூட்டை

மூன்று நாளாக மஹ்பூபிதான் செண்பகத்துக்குத் தலை பின்னிவிட்டாள். வலக்கையைத் தோளுக்கு மேல் தூக்கினாலே செண்பகத்துக்கு உயிர் போயிற்று.

1936-ஆம் வருஷம். ஆம்பூரில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி. அதன் விடுதியில் இருவரும் ஒரே அறை. தை மாதக் கடைசியில் வேலூரில் விளையாட்டுப் போட்டி. போன வருஷம் பந்து எறிவதில் செண்பகத்துக்கு ஒரே ஒரு முழத்தில் முதலிடம் போய்விட்டது. அந்த ஒரு முழத்தைப் பிடிக்கத் தினம் நூறு தடவை எறிந்தாள். முழம் வரவில்லை, வலிதான் வந்தது.

டிரில் டீச்சர் விஜயகுமாரிக்கு வயது இருபத்து நான்கு. பந்தைப் பிடுங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

“எறியறது முன்பக்கத்துத் தசை. எறிஞ்ச கையைப் பிடிச்சு நிறுத்தறது பின்பக்கத்துத் தசை. அதை நீ கவனிக்கவே இல்லை. இனிமே எறியாதே, இழு.”

வேப்பமரத்தில் தோள் உயரத்துக்கு ஒரு கப்பி கட்டினார்கள். அதன்மேல் ஓடிய கயிற்றின் ஒரு முனை செண்பகத்தின் கையில். மறு முனையில், மரத்துக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சின்ன மணல் மூட்டை தொங்கியது. செங்கல் வைத்த இடத்தில் நின்று, தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகில் நெருங்கும் வரை முழங்கையைப் பின்னால் இழுக்க வேண்டும். பிறகு மெதுவாக விட வேண்டும். காலையில் முப்பது, மாலையில் முப்பது.

“போட்டிக்கு முந்தின நாள் காலைல உன் தலையை நீயே பின்னிக்கிட்டு வரணும். முடியலைன்னா உனக்குப் பதிலா மஹ்பூபி எறிவா,” என்றாள் டீச்சர்.

மஹ்பூபி பதறினாள். “நானா? நான் எறிஞ்சா பின்னாடி நிக்கறவங்க மேலதான் விழும், டீச்சர். பேஜாரா பூடும்.”

முதல் நாளே கயிறு உள்ளங்கையை அறுத்தது. செண்பகம் அண்ணன் ரத்தினசாமிக்கு அவசரமாகச் சொல்லியனுப்பினாள். அவன் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரியில் வார் அறுப்பவன். மறுநாளே புதுத் தோல் வார் ஒன்று வந்து சேர்ந்தது. கயிற்றை எடுத்துவிட்டு அதைக் கட்டினார்கள்.

நாலு நாளில் மூட்டை லேசாகிவிட்டது. “மணல் போடுங்க டீச்சர்,” என்றாள் செண்பகம். அவள் வாரை விட்டதும் தரையில் இறங்கிய மூட்டையில் டீச்சர் பெருமையோடு ஒரு படி போட்டாள். அடுத்த வாரம் மறுபடியும் லேசாயிற்று. இன்னொரு படி விழுந்தது. விடுதியில் செண்பகம் கையை மடக்கிக் காட்டினாள். மஹ்பூபி அமுக்கிப் பார்த்தாள்.

“எங்க வூட்டு ரொட்டி மாவு இதைவிடக் கெட்டி.”

போட்டிக்கு மூன்று நாள் முன்பு ரத்தினசாமி தங்கையைப் பார்க்க வந்தான். அவள் இழுப்பதைச் சற்று நேரம் பார்த்தான். மெல்ல மரத்தைச் சுற்றிப் போனான். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

“இன்னா அண்ணா?”

“மூட்டை தரையில ஜம்முனு குந்திக்கினு கீது. நீ இழுத்து முடிக்கறப்போதான் ரெண்டு விரல்கடை எழும்புது.”

புது வார் சுமை பட்டால் நீளும். டேனரியில் அதைக் கல் கட்டித் தொங்கவிட்டு, நீண்டு முடிந்த பிறகுதான் வெளியே அனுப்புவார்கள். தங்கை அவசரப்படுத்தியதால் கல் கட்டாமலே அனுப்பிவிட்டான்.

செண்பகம் செங்கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். “அப்போ இத்தினி நாளா நான் இழுத்தது?”

“முக்கால்வாசி காத்து.”

டீச்சர் முகமும் சுருங்கிப் போயிற்று. வாரைச் சுருக்கிக் கட்டினாள். தான் கூடுதலாகப் போட்ட மணலைக் கொட்டினாள். முதல் நாள் இருந்த அதே மூட்டை, அதே சாண் உயரத்தில் தொங்கியது.

“இழு.”

செண்பகம் இழுத்தாள். மூட்டை முழுசாக எழுந்தது. பத்து. இருபது. முப்பதிலும் தோள் முனகவில்லை.

டீச்சர் மூச்சு விட்டாள். “கடைசியில முதுகு நெருங்குது பாரு, அந்த இடத்துலதான் வேலையே. மூட்டை அங்க மட்டும் எழும்பியிருக்கு. நான் போட்ட மணலை முழுசாத் தூக்கியிருந்தா உன் தோள் இன்னும் கெட்டிருக்கும். எனக்குத்தான் அவசரம் ஜாஸ்தி.”

“இன்னொரு வார் கொண்டாரட்டுங்களா?” என்றான் ரத்தினசாமி.

“இதுவே இருக்கட்டும்,” என்றாள் டீச்சர்.

வெள்ளிக்கிழமை காலை செண்பகம் சீப்பை எடுத்தாள். மஹ்பூபி மூச்சுவிடாமல் கண்ணாடி பிடித்தாள். கை மேலே போயிற்று, அங்கேயே நின்றது, மூன்று கால் பிரித்துப் பின்னி முடித்தது.

பின்னலோடு போய் நின்றதும், “கோணல்,” என்றாள் டீச்சர்.

“நேரா இருக்கணும்னு நீங்க சொல்லலியே டீச்சர்.”

டீச்சர் சிரித்துக்கொண்டே பந்து இருந்த இழுப்பறையைத் திறந்தாள்.

மறுநாள் வேலூரில் செண்பகம் மூன்று தடவைதான் எறிந்தாள். மூன்றாவது எறி போன வருஷம் முதலிடம் வாங்கிய தூரத்தையும் தாண்டி இரண்டு முழம் தள்ளி விழுந்தது. திரும்பும் ரயிலில் மஹ்பூபியைத் திருப்பி உட்காரவைத்து, அவள் தலையைப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தாள்.

“மெதுவாடி,” என்றாள் மஹ்பூபி. “இது வார் இல்ல, முடி.”